சொல்ல வேண்டியவரிடம் சொல்வதற்கு முன்: 'எக்ஸ்' எதிர் மருத்துவமனை 'இசட்', ஒரு நிகழ்வு ஆய்வு

ரத்த வங்கியிலும் ஆய்வகத்திலும் மருத்துவப் பதிவேட்டு அறையிலும் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நோயாளியின் ரகசியம் பற்றி இந்தியாவில் பேச்சு வந்தால் வக்கீல்களும் மருத்துவர்களும் முதலில் எடுப்பது இந்த வழக்கைத்தான். ரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது மருத்துவமனையிலிருந்து வெளியே போய், அவருடைய திருமணம் நின்றுபோனதால் வந்த வழக்கு இது. 1998-லும் 2002-லும் உச்ச நீதிமன்றம் இதில் இரண்டு முறை தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவருக்கு 'எக்ஸ்', அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணுக்கு 'ஒய்', சென்னையில் இருந்த மருத்துவமனைக்கு 'இசட்' என்று நீதிமன்றமே மாற்றுப் பெயர் வைத்தது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

சட்டக் கல்லூரியில் இது இரண்டு உரிமைகள் மோதிய வழக்கு: ஒருவரின் அந்தரங்கம் ஒரு பக்கம், இன்னொருவரின் உயிர் மறுபக்கம். ரத்த வங்கிப் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. மோதல் என்று சொல்லப்படும் கட்டத்துக்கு வருமுன்பே செய்திருக்க வேண்டிய சில வேலைகள் உண்டு. அவை நடந்தனவா என்பதை இரண்டு தீர்ப்புகளுமே கேட்கவில்லை.

அன்றைய நிலை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வு அது. தானமாக வரும் ரத்தத்தை எச்.ஐ.வி.க்குச் சோதிக்க வேண்டும் என்ற விதி 1989-ல் வந்தது. ஆக 1995-ல் சென்னையின் பெரிய மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை புதிது அல்ல.

புதிதாக இருந்தது அதற்குப் பிறகான பகுதி. முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்தவரிடம் என்ன சொல்வது, யார் சொல்வது, எங்கே அனுப்புவது என்பதற்குப் பெரும்பாலான இடங்களில் பழக்கப்பட்ட நடைமுறை இல்லை. மருந்தும் கிட்டத்தட்ட இல்லை. கூட்டு மருந்து சிகிச்சை உலக அளவில் பேசப்பட்டதே 1996-ல்தான். இந்திய அரசு அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-ல். தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை முதல் சில மையங்களில் ஒன்று. மருந்து இல்லாத காலத்தில் ஒரு பரிசோதனை முடிவு எவ்வளவு பயத்தைக் கிளப்பும் என்பதை மனதில் வைத்துத்தான் அடுத்து வருவதைப் படிக்க வேண்டும். அன்று அந்த மருத்துவமனையில் இருந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு நடந்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

1995 ஜூன்: ரத்தம் கொடுத்தது

'எக்ஸ்' ஒரு மருத்துவர். வெளிமாநிலம் ஒன்றின் அரசுப் பணியில் இருந்தவர். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வீங்கியிருந்த ஒரு நோயாளியைச் சென்னைக்குக் கூட்டிப்போகும்படி அவருடைய அரசு உத்தரவிட்டது. அறுவை சிகிச்சைக்கு மே 31-ஐக் குறித்திருந்தார்கள். ரத்தம் போதவில்லை என்று அது தள்ளிப்போனது. மறுநாள், ஜூன் 1 அன்று, கூட வந்திருந்த 'எக்ஸ்'ஸையும் நோயாளியின் ஓட்டுநரையும் ரத்தம் கொடுக்கும்படி கேட்டார்கள். மாதிரி எடுக்கப்பட்டது. 'எக்ஸ்'ஸின் ரத்த வகை ஏ பாசிட்டிவ் என்று வந்தது. ஜூன் 2-ல் அறுவை சிகிச்சை முடிந்தது. ஜூன் 10-ல் நோயாளி வீடு திரும்பினார்.

இங்கே நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'எக்ஸ்' அந்த மருத்துவமனைக்கு நோயாளியாக வரவில்லை. அவர் பேரில் கேஸ் ஷீட் கிடையாது, அவரைப் பார்க்கும் மருத்துவர் என்று ஒருவரும் இல்லை. இன்னொருவருக்காக ஊசிக்குக் கை நீட்டியவர். ஆய்வகத்திலிருந்து ஒரு முடிவு வெளியே வந்தால் அது யார் மேஜைக்குப் போக வேண்டும்? உள்நோயாளியின் முடிவு அவருடைய மருத்துவரிடம் போகும். ரத்தம் கொடுத்தவரின் முடிவுக்கு அப்படி ஒரு மேஜை இல்லை. இப்படி உரிமையாளர் இல்லாமல் சுற்றும் முடிவுகள்தான் எந்த மருத்துவமனையிலும் முதலில் வாய்விட்டு வெளியே போகின்றன.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை

ஆகஸ்டில் 'எக்ஸ்', 'ஒய்' என்ற பெண்ணை மணக்கக் கேட்டார். அவரும் சம்மதித்தார். டிசம்பர் 12-க்குத் திருமணம் என்று முடிவானது. அப்புறம் அது நின்றுபோனது. காரணம், சென்னை மருத்துவமனையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'எக்ஸ்'ஸுக்கு எச்.ஐ.வி. இருப்பதாக வந்த முடிவு.

தீர்ப்பு நிகழ்ச்சிகளை அடுக்கும் வரிசையைப் பாருங்கள். முதலில் திருமணம் நிற்கிறது. அதற்குப் பிறகு 'எக்ஸ்' மறுபடி சென்னைக்கு வந்து, அதே மருத்துவமனையில் பல பரிசோதனைகள் செய்துகொள்கிறார், எச்.ஐ.வி. இருப்பது அங்கே உறுதியாகிறது. இந்த வரிசை எனக்கு மிகவும் உறுத்துகிறது. முதல் முடிவு ஒரு சல்லடைச் சோதனையின், அதாவது முதற்கட்ட 'ஸ்க்ரீனிங்' சோதனையின் முடிவு. தானமாக வந்த ரத்தத்தைக் கழிப்பதா வைப்பதா என்று தீர்மானிக்க அது போதும். சந்தேகம் இருந்தால் கழித்துவிடலாம், ஒரு பை ரத்தம்தான் வீண். ஒரு மனிதரைப் பற்றிப் பேச அது போதாது. வேறு வேறு முறையில் திரும்பச் சோதித்த பிறகே, அதுவும் முதலில் அவரிடமே, சொல்ல வேண்டிய செய்தி அது.

திருமணம் நின்றதால் ஏன் என்ற கேள்வி எழுந்தது. குடும்பத்தாருக்கும் சமூகத்தாருக்கும் விஷயம் தெரிந்தது. கடுமையாகப் பேசினார்கள், ஒதுக்கிவைத்தார்கள். நவம்பர் 26 வாக்கில் 'எக்ஸ்' ஊரை விட்டே கிளம்பிச் சென்னைக்கு வந்து, இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு தங்கிவிட்டார்.

ஜூன் முதல் நாளிலிருந்து எண்ணினால் ஆறு மாதம்கூட ஆகவில்லை.

வழக்கு

ரகசியம் காக்கும் கடமையை மருத்துவமனை மீறிவிட்டது, அதற்கு இழப்பீடு வேண்டும் என்று 'எக்ஸ்' தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். 1998 ஜூலை 3-ல் ஆணையம் மனுவைச் சுருக்கமாகத் தள்ளுபடி செய்தது; சிவில் நீதிமன்றத்தில் பரிகாரம் தேடிக்கொள்ளலாம் என்றது. அதன்மேல் அவர் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்.

இதன் விளைவு பெரிது. ஆணையத்தில் சாட்சி விசாரணை நடக்கவில்லை. ஆய்வகத்தில் யார் முடிவைப் பார்த்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள், பேசியது யார், எந்த நாளில், நேரிலா தொலைபேசியிலா என்று குறுக்கு விசாரணையில் கேட்க வாய்ப்பே வரவில்லை. உச்ச நீதிமன்றம் கையில் எடுத்தபோது அது ஏற்கெனவே சட்டக் கேள்வியாக மாறிவிட்டிருந்தது.

1998 செப்டம்பர் 21: முதல் தீர்ப்பு

இரண்டு நீதிபதிகள் அமர்வு 'எக்ஸ்'ஸின் மேல்முறையீட்டைத் தள்ளியது. மருத்துவர் நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. அந்தரங்க உரிமை அரசமைப்பின் 21-வது பிரிவிலிருந்து வருவது என்பதையும் ஏற்றது. அதற்கு முன்னோடியாகக் காட்டியவற்றில், தமிழ்நாட்டிலிருந்து போன ஆட்டோ சங்கர் வாழ்க்கை வரலாற்று வழக்கின் 1994 தீர்ப்பும் உண்டு. ஆனால் அந்த உரிமை முழுமுற்றானது அல்ல என்றது. 'ஒய்'க்கு உயிர் வாழும் உரிமை இருக்கிறது, நலமாக வாழ்வதும் அதில் அடக்கம், தன்னை மணக்கப்போகிறவரின் நிலையைத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு, இரண்டும் மோதினால் பொது நன்மையை வளர்க்கும் உரிமைதான் நிற்கும் என்று முடித்தது. ஆபத்தான நோயைப் பரப்புவது பற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 269, 270 பிரிவுகளையும் துணைக்கு எடுத்துக்கொண்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நோய் குணமாகும் வரை இப்படிப்பட்டவரின் திருமண உரிமையை நீதிமன்றம் வழியாக நிலைநாட்ட முடியாது, அது நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்றும் சொல்லிவிட்டது. 'எக்ஸ்' கேட்டது இழப்பீடு. எச்.ஐ.வி. உள்ள யாராவது திருமணம் செய்யலாமா என்று யாரும் அங்கே கேட்கவில்லை. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, சம்மதித்து மணக்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்கள் தலையிலும் அந்த வரி விழுந்தது.

'ஒய்'யின் நிலை

'ஒய்'க்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் அந்தப் பெண்ணின் வீட்டில் ஒருத்தியாக இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். அதனாலேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது: 'ஒய்' இந்த வழக்கில் தரப்பினரே இல்லை. அவருடைய உரிமையின் பேரில்தான் தீர்ப்பு நிற்கிறது, அவர் குரல் அதில் இல்லை. இரண்டாவது தீர்ப்பின் சொற்களைப் பார்த்தால், மருத்துவமனையின் செயலாக அது எடுத்துக்கொள்வது பெண்ணுக்கு உறவானவர்களிடம் சொன்னதை. ஒருவரின் உயிருக்கு ஆபத்து என்றால் அவரிடம் சொல்ல வேண்டும். உறவினர்களிடம் போன செய்தி அவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது, அப்படியே சேர்ந்ததா, அவருக்கு யாராவது விளக்கினார்களா, முடிவெடுத்தது அவரா வீட்டாரா?

நம் ஊர் மருத்துவமனைகளில் இது தினமும் நடப்பது. கட்டிலில் படுத்திருப்பவரை விட்டுவிட்டு வராந்தாவில் நிற்கும் மாமாவிடமோ அண்ணனிடமோ பேசுவோம். அன்பினால்தான் பேசுகிறோம் என்று நம்புகிறோம். அந்த வழக்கம் இங்கே இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் ஓரம் தள்ளியது: செய்தி யாருடையதோ அவரையும், செய்தி யாருக்கு வேண்டியதோ அவரையும்.

2002 டிசம்பர் 10: இரண்டாவது தீர்ப்பு

விஷயம் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு மறுபடி வந்தது. திருமண உரிமை பற்றி முன்பு சொன்னது இந்த வழக்குக்குத் தேவைப்படாத ஒன்று, அப்படிப் பொதுவாக அறிவித்திருக்க வேண்டியதில்லை என்று அமர்வு சொன்னது. அந்தப் பகுதி அதோடு வலுவிழந்தது. மருத்துவமனை சொன்னது தவறல்ல என்ற முடிவு மட்டும் மாறவில்லை. 'எக்ஸ்'ஸுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

அதே 2002-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் வெளியிட்ட தொழில் நெறி விதிகள், மருத்துவர் ரகசியத்தை வெளியிடக்கூடிய சந்தர்ப்பங்களை மூன்றாக வரையறுத்தன: நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ அடையாளம் காணப்பட்ட கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். எப்போது சொல்லலாம் என்பதற்கு விடை வந்தது. எப்படி என்பதற்கு அப்போது வரவில்லை.

தீர்ப்பேட்டிலேயே ஒரு கசிவு

பதிவேட்டுப் பணியில் இருப்பவர்கள் 1998 தீர்ப்பின் முதல் சில பத்திகளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பெயர் 'எக்ஸ்' என்று மறைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த வரிகளிலேயே அவர் மருத்துவம் முடித்த ஆண்டு, கல்லூரி, மாநிலம், பதவியின் பெயர், ஊர் எல்லாம் இருக்கின்றன. அவர் கூட்டிவந்த நோயாளியின் முழுப் பெயரும், அவருக்கு என்ன நோய் என்பதும், ஓட்டுநரின் பெயரும் அச்சில் இருக்கின்றன. நோயாளியும் ஓட்டுநரும் வழக்குப் போட்டவர்கள்கூட இல்லை. ஒரு சிறிய மாநிலத்தில், குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட கல்லூரியில் படித்து, குறிப்பிட்ட பதவியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஊர்க்காரர் ஒருவருக்கு 'எக்ஸ்' யார் என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். அந்தத் தீர்ப்பு இன்றும் இணையத்தில் யாரும் படிக்கும்படி கிடைக்கிறது.

பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். மருத்துவ மாநாட்டில் காட்டும் எக்ஸ்ரே படத்தின் மூலையில் உள்நோயாளி எண் அப்படியே இருக்கும். மாணவர்களுக்குக் கொடுக்கும் கேஸ் குறிப்பில் பெயர் அடிக்கப்பட்டு, 'இன்ன ஊர் பள்ளித் தலைமையாசிரியை, வயது 52' என்று இருக்கும். வாட்ஸாப் குழுவில் இரண்டாவது கருத்துக் கேட்டுப் போடும் ரிப்போர்ட்டில் பெயரை விரலால் மறைத்திருப்பார்கள், பார்கோடு தெரியும். இந்த ஆய்வில் மாநிலத்தையும் கல்லூரியையும் நான் விட்டதற்குக் காரணம் இதுதான். அவை இல்லாமலே இந்தக் கதையிலிருந்து கற்க வேண்டிய அனைத்தையும் கற்கலாம்.

2017-க்குப் பிறகு

2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. அதே ஆண்டு நிறைவேறிய எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்த வழக்கில் கேட்கப்படாத கேள்விக்கு விடை அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவில் இருக்கிறது.

துணைவரிடம் சொல்ல மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டும்தான் அனுமதி. வேறு ஊழியர் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர்களும், தங்கள் நேரடிக் கவனிப்பில் இருப்பவரைப் பற்றி மட்டுமே சொல்லலாம். துணைவருக்குக் கணிசமான தொற்று ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்ப வேண்டும். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று தொற்றுள்ளவருக்கு ஆலோசனை கொடுத்திருக்க வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்லப்போகிறேன் என்று அவரிடம் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, துணைவருக்கு ஆலோசனை கொடுத்து, நேரில் சொல்ல வேண்டும். தொற்றுள்ள பெண்ணுக்கு அடி உதையோ கைவிடப்படும் ஆபத்தோ இருக்கும் என்று தோன்றினால் மருத்துவரோ ஆலோசகரோ அவருடைய துணைவரிடம் சொல்லவே கூடாது.

1995-ல் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'எக்ஸ்' யாருடைய நேரடிக் கவனிப்பிலும் இல்லை. அவரே 'ஒய்'யிடம் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுத்ததாகத் தீர்ப்பில் எந்தக் குறிப்பும் இல்லை. அவர் சொல்லியிருப்பாரா மறைத்திருப்பாரா என்று நமக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. அந்த முடிவை எடுக்கும் இடத்தில் அவர் நிறுத்தப்படவே இல்லை.

அதே சட்டத்தின் 11-வது பிரிவு, எச்.ஐ.வி. தகவலை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதைப் பாதுகாக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. 34-வது பிரிவில், மாற்றுப் பெயரோடு வழக்கு நடத்தவும், அடையாளத்துக்கு இட்டுச் செல்லும் எதையும் வெளியிடத் தடை கேட்கவும் வழி இருக்கிறது.

இன்று இது நடந்தால்

ரத்த தானப் படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி உண்டு: பரிசோதனையில் ஏதாவது மாறுபாடு இருந்தால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா, ஆம் அல்லது இல்லை. அவசரத்தில் உறவினருக்காக ரத்தம் கொடுக்க வருகிறவர் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். ஊழியரே 'ஆம்' என்று டிக் அடித்துவைத்திருப்பதும் உண்டு. நான் மாற்றச் சொல்லும் முதல் இடம் இதுதான். அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டும். கூடவே, எந்தத் தொலைபேசி எண்ணில், நீங்கள் மட்டும் எடுக்கும் எண்ணா என்றும் கேட்க வேண்டும். வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டு, 'ரத்த வங்கியிலிருந்து பேசுகிறோம், அவரை உடனே வரச் சொல்லுங்கள்' என்று மனைவியிடமோ அப்பாவிடமோ சொன்னாலே பாதி ரகசியம் போய்விடும்.

ரத்தப் பைக்கும் அதோடு போகும் சிறு குழாய்களுக்கும் ஒரே யூனிட் எண் ஒட்டப்படுகிறது. சோதனை செய்கிறவர் பார்க்க வேண்டியது அந்த எண்ணை மட்டும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பதிவேடு ரத்த வங்கி அலுவலரின் பூட்டில் இருக்க வேண்டும். பல இடங்களில் அது சோதனை மேஜையின் பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது. கணினி வந்த இடங்களில் ஒரே பாஸ்வேர்டை ஷிஃப்ட் முழுக்க எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். முடிவை யார் திறந்து பார்த்தார் என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை. இந்த வழக்கில் யார் மூலம் செய்தி போனது என்ற கேள்வி விசாரிக்கப்படாமலே போனதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தனித்தனி பாஸ்வேர்டும், யார் எப்போது திறந்தார் என்ற பதிவும் இருந்தால் அந்தக் கேள்விக்கு விடை இருக்கும்.

முடிவில் சந்தேகம் வந்தால் பை கழிக்கப்படும். ரத்தம் கொடுத்தவரைத் தனியாக அழைத்து, 'இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது' என்று சொல்லி, நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் அரசு மையம்) அனுப்ப வேண்டும். அங்கே ஆலோசனை, சம்மதம், வேறு வேறு முறையில் மூன்று சோதனை. உறுதியானால், எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம். யாருக்காக ரத்தம் கொடுக்க வந்தாரோ அந்த நோயாளியின் குடும்பத்துக்கு, 'இந்த யூனிட் பயன்படாது, இன்னொருவரை ஏற்பாடு செய்யுங்கள்' என்று மட்டும் சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்கள். வகை பொருந்தாதது, அளவு குறைவு, உறைந்துபோனது என்று ஒரு யூனிட் பயன்படாமல் போக நிறையக் காரணம் உண்டு. காரணம் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிப் பழக வேண்டும். எச்.ஐ.வி. வந்தால் மட்டும் மௌனம், மற்றதற்கெல்லாம் விளக்கம் என்றால் அந்த மௌனமே சொல்லிக்கொடுத்துவிடும்.

சரி, நிச்சயமான பெண்? சட்டத்தில் 'துணைவர்' என்றால் கணவன் அல்லது மனைவி, அப்படியே சேர்ந்து வாழ்கிறவர், திருமணம் போன்ற உறவில் இருப்பவர். தாம்பூலம் மாற்றி, இன்னும் தாலி கட்டாத ஒருவர் அந்தச் சொற்களுக்குள் வருகிறார் என்று தெளிவாகச் சொல்ல முடியாது. ஆக 'ஒய்' இன்று இருந்தாலும் 9-வது பிரிவு அவருக்கு எட்டுமா என்பது வாதத்துக்குரியது. பெற்றோர் பேசி முடிக்கும் திருமணங்கள் நிறைந்த நாட்டில் இது சின்ன இடைவெளி அல்ல. சட்டத்தில் இதைத் திருத்த வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை ஆலோசகர் கையில் இருப்பது ஒரே வழி: அந்தப் பெண்ணையே கூட்டிக்கொண்டு வாருங்கள், உங்கள் முன்னால் நானும் இருந்து சொல்கிறேன் என்பது. தேதி குறித்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது என்று தயங்குகிறவரிடம், திருமணத்தைத் தள்ளிவைக்க ஒரு மருத்துவக் காரணத்தைப் பொதுவாகச் சொல்லிக்கொள்ளவும் அந்த இடைவெளியில் மருந்து தொடங்கவும் ஆலோசகர் உதவலாம். மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் தொற்று பரவுவதில்லை என்பதை இருவருக்கும் சேர்த்தே விளக்கலாம். 1995-ல் 'ஒய்'யிடம் இதைச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது. இன்று முடியும், அதைக் கேட்ட பிறகு வேண்டும் என்பதா வேண்டாம் என்பதா, அது அந்தப் பெண் எடுக்க வேண்டிய முடிவு.